ஸ்விட்ச் என் வீட்டுல, சாவி அவன் கையில

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் காரமாவும் இருக்கும். காபி டம்ளரோட உக்காருங்க.

பகல் பூரா ஆபீஸ்ல பொட்டி தட்டிட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து ரிலேவும் சென்சாரும் வச்சு நோண்டறது நம்ம பொழப்பு. ஹாபின்னு நாகரிகமா சொல்லிக்கலாம். அம்மா பாஷையில "வேண்டாத வேலை". இந்த வேண்டாத வேலையை நாலஞ்சு வருஷமா செய்யறதால, சொந்தக்காரங்க யாராவது புது ஃபிளாட் வாங்கினா உடனே எனக்கு ஃபோன் வரும். "தம்பி, வீடு பூரா ஸ்மார்ட்டா பண்ணிடலாம்னு இருக்கோம், எந்த கம்பெனி நல்லாருக்கும்?"

கம்பெனி பேரை அப்புறம் பாக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ரௌட்டர்ல இருந்து இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினா, அந்த லைட்டு எரியுமா?

எரியாதுன்னா அதை வாங்காதீங்க. என் கட்சி அவ்வளவுதான். மீதிப் பதிவு ஏன்னு சொல்றதுக்கு.

ரெண்டு மீட்டருக்கு உலகப் பயணம்

சோஃபால உக்காந்து ஃபோன்ல பட்டனை அமுக்கறீங்க. தலைக்கு மேல ரெண்டு மீட்டர்ல பல்பு. நடுவுல என்ன நடக்குது? உங்க கட்டளை ரௌட்டருக்குப் போயி, அங்கேருந்து இன்டர்நெட் கம்பெனிக்குப் போயி, கடல் தாண்டியோ தாண்டாமலோ எங்கேயோ இருக்கற சர்வருக்குப் போகுது. அங்க உங்க அக்கவுன்ட்டைச் சரிபார்த்து, "சரி, இவர் லைட்டை இவர் போட்டுக்கலாம்"னு அனுமதி குடுத்து, அதே வழியா திரும்பி வந்து பல்பு எரியுது.

பக்கத்து ரூம்ல இருக்கற தம்பியைக் கூப்பிட, வெளியூர் மாமாவுக்கு ஃபோன் போட்டு, "மாமா, தம்பியைக் கொஞ்சம் கூப்பிடுங்க"ன்னு சொல்ற மாதிரி. மாமா நல்லவர்தான். ஆனா மாமா தூங்கிட்டா? மாமா செத்துப்போயிட்டா? மாமா, "இனிமே கூப்பிடணும்னா மாசம் முன்னூறு ரூபா"ன்னு சொன்னா?

மூணும் நடந்திருக்கு. பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, ஒவ்வொண்ணா பாருங்க.

மாமா தூங்கினது: 2021 டிசம்பர் 7ஆம் தேதி அமேசானோட வர்ஜீனியா டேட்டா சென்டர் வட்டாரத்துல கோளாறு. ரிங் கேமராவும் ரூம்பா கூட்டற மெஷினும் ஆப்புக்கு மசியாம நின்னுச்சு. வீடு கூட்டறதுக்கு வர்ஜீனியாவோட ஒத்துழைப்பு தேவைப்படுதுன்னா எங்க போயி முட்டிக்கறது? 2025 அக்டோபர் 20ஆம் தேதி மறுபடி அதே வட்டாரம். இந்த முறை எயிட் ஸ்லீப்னு ஒரு கம்பெனியோட மெத்தைங்க மாட்டிக்கிச்சு. மெத்தைய்யா! சூட்டைக் கூட்டிக் குறைக்க முடியாம சனங்க ராத்திரி புழுங்கியிருக்காங்க.

மாமா செத்தது: ரெவால்வ்னு ஒரு ஹப், 299 டாலர். 2014ல கூகுள் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்குச்சு. 2016 மே மாசம் சர்வரை இழுத்து மூடிட்டாங்க. ஹப்புக்குள்ள ஒரு பாகம் கூட கெட்டுப்போகல. ஆனா அன்னைக்கு மறுநாள்லேருந்து அது பேப்பர் வெயிட். அடுத்து இன்ஸ்டியான். 2022 ஏப்ரல்ல ஒரு முன்னறிவிப்பும் இல்லாம சர்வர் அணைஞ்சுபோச்சு. அப்புறம் ஜூன் மாசம் வாடிக்கையாளர்கள்ல சில பேரே சேர்ந்து கம்பெனியை வாங்கி உயிர் குடுத்தாங்க. அந்த நடு மாசங்கள்ல தப்பிச்சது யாருன்னு பாத்தா, ஹப்பை வீட்டுக்குள்ளேயே ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி மென்பொருளோட கட்டி வச்சிருந்தவங்க. அவங்களுக்கு லைட்டு எரிஞ்சுது.

மாமா காசு கேட்டது: விங்க். 2020 மே மாசம், கொரோனா உச்சத்துல ஊரே வீட்டுக்குள்ள முடங்கிக் கிடந்தப்ப, "மாசம் 4.99 டாலர் கட்டு, இல்லேன்னா உன் சாமான் வேலை செய்யாது"ன்னு அறிவிச்சாங்க. வாங்கும்போது மாசச் சந்தாங்கற பேச்சே கிடையாது.

இன்னொரு ரகம் இருக்கு. மாமா நல்லா முழிச்சுகிட்டே "நீ கூப்பிடக் கூடாது"ன்னு சொல்றது. 2023 கடைசியில சேம்பர்லெயின் கம்பெனி தன்னோட மைகியூ கராஜ் கதவுகளை வெளி மென்பொருள்கள் தொட முடியாதபடி அடைச்சுது. ஹோம் அசிஸ்டன்ட் அந்த டிசம்பர் வெளியீட்டுல அதுக்கான இணைப்பையே தூக்கிடுச்சு. 2024 ஜனவரியில ஹையர் கம்பெனி, தன் ஏசியை ஹோம் அசிஸ்டன்ட்டோட இணைக்க இலவசமா நிரல் எழுதின ஒருத்தருக்கு வக்கீல் பாஷையில நோட்டீஸ் விட்டுச்சு. சனங்க கொதிச்ச பிறகுதான் இறங்கி வந்தாங்க. காசு குடுத்து வாங்கின ஏசியை நான் எந்த ரிமோட்ல போடணும்னு இவன் யாரு சொல்றதுக்கு?

"இதெல்லாம் அமெரிக்கா கதைப்பா"

நம்ம ஊர்ல என்ன நடக்குதுன்னு கேக்கறீங்களா? வாங்க திருச்சிக்கு.

அப்பா அம்மா அங்கதான் இருக்காங்க. கீழ சம்ப், மாடியில டேங்க், நடுவுல ஒரு குதிரைத்திறன் மோட்டார். அப்பாவுக்கு முட்டிவலி, மாடியேறி தண்ணி நிரம்பிச்சான்னு பாக்க முடியாது. அதனால ஒரு கம்பெனி ஆள் வந்து "ஆப் மோட்டார் கன்ட்ரோலர்" மாட்டிட்டுப் போனான். நான் அப்ப சென்னையில ஆணி புடுங்கிட்டு இருந்தேன். எட்டு மாசம் நல்லா ஓடுச்சு. ஒரு நாள் "சர்வர் மாத்தறோம், புது ஆப் போட்டுக்குங்க"ன்னு மெசேஜ். புது ஆப்ல பழைய டைமிங் எதுவும் இல்ல. புது ஆப் அந்தப் பெட்டியை அடையாளமும் காட்டல. கஸ்டமர் கேருக்குப் போட்டா, "சார், உங்க மாடல் பழசு, அப்கிரேடு ஆஃபர் இருக்கு". பழசாம். எட்டு மாசம்!

பெட்டியைக் கழட்டிப் பாத்தேன். உள்ள ரிலே பத்திரமா இருக்கு, வைஃபை சிப் உயிரோட இருக்கு. கையால தட்ட ஒரு பட்டன் வைக்க மட்டும் அவனுக்கு மனசு வரல. ரெண்டு நாள் தண்ணிக்கு அப்பா பக்கத்து வீட்டு போர்வெல்லை நம்பி இருந்தாரு. "ஏண்டா, மோட்டார் நம்மளுது, கரண்ட்டு நம்மளுது, தண்ணியும் நம்மளுது. அப்புறம் யாருகிட்டடா கேக்கணும்?"னாரு. நான் படிச்ச இன்ஜினியரிங்ல இதுக்குப் பதில் இல்ல.

இது வெறும் சவுகரியப் பிரச்சினை இல்லைங்க. கூடத்துல லைட்டு எரியாட்டி மெழுகுவத்தி ஏத்திக்கலாம். முட்டிவலிக்காரருக்குத் தண்ணி, ராத்திரி பாத்ரூம் போற பாட்டிக்கு வெளிச்சம், வாசக்கதவுக்குப் பூட்டு. இதெல்லாம் ஒரு கம்பெனியோட அடுத்த ரவுண்டு முதலீட்டை நம்பி நிக்கலாமா?

கேமரா சமாச்சாரம் இன்னும் மோசம். 2023 மே மாசம் அமெரிக்க வர்த்தக ஆணையம், ரிங் கம்பெனி ஊழியர்கள் வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களைப் பாக்க முடிஞ்சுதுன்னு குற்றம் சாட்டி வழக்குப் போட்டு, 58 லட்சம் டாலர் கட்ட வச்சுது. நம்ம வீட்டு வாசலுக்கு வச்ச காவலாளி, நம்ம வீட்டு ஜன்னலை எட்டிப் பாக்கறான்.

எதிர்க்கட்சி வாதங்கள்

இதைப் பேசினாலே நண்பர்கள் நாலு அம்பு விடுவாங்க. ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாப்போம்.

ஒண்ணு: "உன்ன மாதிரி எல்லாரும் நோண்ட முடியுமா?" முடியாது, ஒத்துக்கறேன். ஆனா "இன்டர்நெட் இல்லாம வேலை செய்யணும்"னா நோண்டணும்னு யார் சொன்னா? பிலிப்ஸ் ஹ்யூ பிரிட்ஜ் வீட்டுக்குள்ளேயே பல்போட பேசுது, இன்டர்நெட் போனாலும் வீட்டு வைஃபைல லைட்டு போடலாம். ஐகியாவோட ஜிக்பீ பல்புகளும் அப்படித்தான். பல்கேரியாக்காரன் ஷெல்லி, தன் ரிலேவை கிளவுட் இல்லாம ஓட்டற வழியை அவனே எழுதித் தர்றான். ஆக, செய்ய முடியாததுன்னு இல்ல, செய்ய விருப்பம் இல்லங்கறதுதான் நிஜம். அந்த ஹ்யூவே 2015 டிசம்பர்ல மத்த கம்பெனி பல்புகளை வெளியே தள்ளப் பாத்துச்சு. சனங்க சத்தம் போட்டதும் சில நாள்லயே வாபஸ். சத்தம் போட்டா வேலை நடக்கும்ங்கறதுக்கு இதுவே சாட்சி.

ரெண்டு: "வெளியூர்லேருந்து பாக்கணும்னா கிளவுட் வேணுமே?" வெளியூர்லேருந்து பாக்க ஒரு வழி வேணும். அது உங்க சொந்த வி.பி.என். ஆகவும் இருக்கலாம். நம்ம ஊர் இன்டர்நெட் கம்பெனிங்க நிறைய பேர் நூறு வீட்டுக்கு ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பங்கு போட்டுத் தர்றதால போர்ட் ஃபார்வேர்டிங் வேலை செய்யாது, அது உண்மை. டெயில்ஸ்கேல் மாதிரி வழிகள் அதையும் தாண்டிடும். காசு கட்டற கிளவுட்டே ஆனாலும் பரவால்ல. ஆனா அது மாடிப்படி மாதிரி இருக்கணும், அஸ்திவாரமா இருக்கக் கூடாது. மாடிப்படி இடிஞ்சா கீழ் வீட்டுல குடும்பம் நடத்தலாம்.

மூணு: "கம்பெனின்னா பாதுகாப்பு அப்டேட் குடுப்பான், நீ குடுப்பியா?" நியாயமான கேள்வி. நாலுல இதுக்குத்தான் நான் மரியாதை குடுப்பேன். சொந்தமா ஓட்டறவன் சொந்தமா பாத்துக்கணும், தப்பிக்க முடியாது. ஆனா 2016ல மிராய்னு ஒரு நிரல், பேக்டரி பாஸ்வேர்டே மாத்தாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் படையாத் திரட்டி, அக்டோபர் 21 அன்னைக்கு அமெரிக்காவுல பாதி இணையத்தைத் திணறடிச்சுதே, அந்தக் கேமராவையெல்லாம் வித்தது கம்பெனிங்கதானே? அப்டேட் எங்க போச்சு?

நாலு: "ஹோம் அசிஸ்டன்ட்டும்தான் மாசாமாசம் உடையுது." உடையும் சாமி. மாசம் ஒரு வெளியீடு வருது, சிலது உடையுது. வித்தியாசம் என்னன்னா, அப்டேட் எப்ப போடணும்னு நான் முடிவு பண்றேன். பிடிக்கலைன்னா நேத்து எடுத்த பேக்கப்புக்குத் திரும்பிப் போறேன். இன்ஸ்டியான்காரங்களுக்குத் திரும்பிப் போக ஒரு நேத்து இருந்துச்சா?

திட்டறதோட நிறுத்தாம

வெறும் ஒப்பாரி வச்சா நல்லாருக்காது. நம்ம ஊர் வீட்டுல இதை நிலையா நிறுத்த எதெல்லாம் பாக்கணும்னு சுருக்கமா:

- நியூட்ரல். பழைய வீட்டு ஸ்விட்ச் போர்டு நிறையத்துல நியூட்ரல் ஒயர் இருக்காது. பிளக் பாயின்ட் இருக்கற போர்டுல இருக்கும். நியூட்ரல் இல்லாத ஸ்மார்ட் ஸ்விட்ச், பல்பு வழியாவே கொஞ்சம் கரண்ட்டைக் கசியவிட்டு உயிர் வாழும். அதனாலதான் அணைச்ச எல்.ஈ.டி. பல்பு ராத்திரி பேய் மாதிரி மினுக்குது. பல்பைக் குத்தம் சொல்லாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரல் இழுங்க. மெயினை அணைக்காம போர்டுக்குள்ள விரலை விடாதீங்க.

- மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனா கிளம்பற நொடியில அதைப் போல பல மடங்கு. "10 ஆம்பியர்"னு எழுதின குட்டி ரிலேவை நேரா மாட்டினா, என்னைக்காவது ஒரு நாள் உள்ள இருக்கற முனை ஒட்டிக்கும். ஆப் "ஆஃப்"னு காட்டும், மோட்டார் ஓடிகிட்டே இருக்கும். ரிலே கான்டாக்டரைத் தட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரைத் தட்டட்டும். டேங்க்ல ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச், எந்த மென்பொருளையும் கேக்காம மோட்டாரை நிறுத்தற மாதிரி. திருச்சியில இப்ப இப்படித்தான் ஓடுது. பக்கத்துல ஒரு சாதா பட்டனும் இருக்கு. அப்பா அதைத்தான் அமுக்கறாரு :-)

- வைஃபை. சல்லிசான சாமான் முக்காவாசி 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். ஃபோன் 5ல இருக்கும்போது ஜோடி சேக்க முயற்சி பண்ணி, "சாமான் டூப்ளிகேட்"னு திட்டற ஆளுங்க ஏராளம். ரௌட்டர்ல ரெண்டுக்கும் தனிப் பேர் வைங்க. ஒவ்வொரு சாமானுக்கும் மாறாத ஐ.பி. ஒதுக்கிடுங்க. "நேத்து வேலை செஞ்சுது, இன்னைக்குக் காணோம்" புகார்ல பாதி அதோட தீரும்.

- ஜிக்பீ. இதுவும் 2.4லதான் குடித்தனம், அதனால வைஃபையோட இடிக்கும். வைஃபை 1, 6, 11ல இருந்தா ஜிக்பீயை 15, 20, 25ல ஒண்ணுல வைங்க. யு.எஸ்.பி. 3 போர்ட்டுல டாங்கிளை நேரா சொருகாதீங்க, அந்தப் போர்ட்டே 2.4ல இரைச்சல் கிளப்பும். 2012லயே இன்டெல் இதை எழுதி வச்சிருக்கு. ஒரு மீட்டர் நீட்டிப்பு ஒயர் போதும். கரண்ட்டுல ஓடற ஜிக்பீ சாமான்தான் பக்கத்துல இருக்கறதுக்குச் செய்தி கடத்தும். யாராவது அதை சுவர் ஸ்விட்ச்சுல அணைச்சா, அதை நம்பியிருந்த சென்சாருங்க அநாதை.

- கரண்ட் கட். ராத்திரி மூணு மணிக்குக் கரண்ட் வந்ததும் வீட்டு பல்பெல்லாம் கல்யாண மண்டபம் மாதிரி எரியுதா? "கரண்ட் திரும்பினா முன்னிருந்த நிலை"ன்னு ஒரு அமைப்பு இருக்கும், மாத்துங்க. ராஸ்பெர்ரி பை ஓட்டறவங்க எஸ்.டி. கார்டை நம்பாதீங்க. ஓயாம எழுதறதும் பொசுக்குனு கரண்ட் போறதும் சேர்ந்தா கார்டு சீக்கிரம் பரலோகம் போயிடும். ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., இன்வெர்ட்டர் லைன், வாரம் ஒரு பேக்கப் வேற இடத்துல.

நம்மாளுங்களுக்கும் நாலு வார்த்தை

கம்பெனியை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் ஆகிட முடியாது. ஹாபிக்காரங்கள்லயும் ஒரு கூட்டம் இருக்கு. சுவர்ல இருந்த ஸ்விட்ச்சையெல்லாம் பிடுங்கிட்டு, "எல்லாம் ஆட்டோமேட்டிக்"னு மார்தட்டும். அண்ணாத்தே ஆபீஸ் வேலையா பெங்களூரு போயிருப்பாரு, இங்க வீட்டுல மனைவி டார்ச் அடிச்சுகிட்டு சமைப்பாங்க. ஃபோன் போட்டா "ரீஸ்டார்ட் பண்ணு, லாக் பாரு". ஏங்க, அவங்க வீட்டு லைட்டுக்கு அவங்க உங்ககிட்ட டிக்கெட் ரெய்ஸ் பண்ணணுமா?

அந்தக் கம்பெனி செய்யற அதே அராஜகம்தான் இது. சர்வர் வர்ஜீனியாவுல இருந்து உங்க பீரோ மேல வந்திருக்கு, அவ்வளவுதான். சாவி இன்னும் ஒரே ஆள் கையில. நாளைக்கு உங்களுக்கே ஏதாவது ஆச்சுன்னா, அந்த வீட்டுல இருக்கறவங்களுக்கு நீங்களும் ஒரு ரெவால்வ்தான்.

அதனால நம்ம சங்கத்துக்கு நான் வைக்கிற சட்டம் மூணு. சுவர் ஸ்விட்ச் எப்பவும் வேலை செய்யணும், ரிலே அதுக்குப் பின்னால ஒளிஞ்சு இருக்கட்டும். மூளைப் பெட்டி செத்தாலும் வீடு சாதா வீடா நடக்கணும். என்ன எங்க மாட்டியிருக்கு, எப்படிக் கழட்டறதுன்னு ஒரு நோட்டுல தமிழ்ல எழுதி, ஃபிரிட்ஜ் மேல வச்சிருக்கணும். எந்த எலக்ட்ரீஷியன் வந்தாலும் அரை மணியில பழையபடி ஆக்கற மாதிரி.

டப்பால எழுது

கடைசியா ஒரு கோரிக்கை. நம்ம ஊர்ல ஃபிரிட்ஜ், ஏசிக்கு ஸ்டார் ஒட்டறாங்க. 2023 ஜனவரியிலேருந்து சீலிங் ஃபேனுக்கே அது கட்டாயம். எவ்வளவு கரண்ட் குடிக்கும்னு வாங்கறவனுக்குத் தெரியணும்ங்கற நியாயம்தானே? அதே நியாயத்துல இன்னும் ரெண்டு வரி கேக்கறேன். "இன்டர்நெட் இல்லாம இது என்னென்ன செய்யும்?" "சர்வரும் அப்டேட்டும் எந்த வருஷம் வரைக்கும்?" பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29லேருந்து, பாதுகாப்பு அப்டேட் குறைஞ்சது எத்தனை நாள்னு சொல்லாம இந்தச் சாமான்களை விக்க முடியாது. எல்லாத்துக்கும் ஒரே ஈஸி பாஸ்வேர்டும் போட முடியாது. ஆகாத காரியம் இல்லைங்க, கேக்க ஆள் இல்ல.

அரசாங்கம் கேக்கற வரைக்கும் நாம கடையில கேப்போம். அடுத்த தடவை ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கப் போறப்ப, விக்கறவரை டெமோ போடச் சொல்லுங்க. போட்டதும், "அண்ணே, அந்த இன்டர்நெட் ஒயரைக் கொஞ்சம் பிடுங்குங்க, இப்ப போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. அவர் முகத்தைப் பாருங்க. அப்புறம் வாங்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

டிஸ்கி: "ஸ்மார்ட் ஹோமே வேணாம்னு சொல்றான்"னு யாராவது கிளம்பி வருவாங்க. வேணும் ஐயா, நல்லா வேணும். அப்பா முட்டிக்கு அதால எவ்வளவு ஓய்வுன்னு எனக்குத் தெரியும். ஓனர் யாருங்கறதுதான் சண்டை. மாத்துக் கருத்து இருந்தா பின்னூட்டத்துல வாங்க, கும்மலாம். ரிலே வெடிச்ச கதை இருந்தா அவசியம் வாங்க :-)